காரைக்குடி சடங்கு ஆல்பம்: எடுத்தது சூப்பர், எடிட்டிங் தான் வெனை

காரைக்குடில சடங்கு, கல்யாணம், காதுகுத்துன்னு எடுக்கற ஸ்டுடியோ ஒன்னு, பேரு போடல, ஏன்னா இங்கிட்டு பல எடத்துல இதே கததான், ஒருத்தர மட்டும் இழுத்து விட்டா நல்லாருக்காது. எங்க அண்ணன் மக சடங்குக்கு அவுட்டோர் ஷூட், ஃப்ளெக்ஸ், கரிஷ்மா ஆல்பம் (பக்கத்துலயே படத்த பிரிண்ட் போட்டு பொஸ்தகமா பைண்ட் பண்றது) எல்லாம் சேத்து பேக்கேஜா பேசுனோம்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்ட பேசி வச்சு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வளவுல, அதான் வீட்டுக்குள்ள நடு முத்தத்த சுத்தி தூண் வச்ச எடம், நிக்க வச்சு எடுத்தாங்க, முத்தத்துல எறங்குற வெளிச்சம் தரையில போட்ட ஆத்தங்குடி கல்லுல பட்டு மூஞ்சிக்கு ஏறி வருது, ஃப்ளாஷே தேவப்படல. அரக்கு கலர் கண்டாங்கி அவ நெறத்துக்கு அம்புட்டு எடுப்பா இருந்துச்சு. கேமராக்காரத் தம்பியும் பொறுமசாலி, சும்மா சிரி சிரின்னு உசுர வாங்கல. கேமராவுல பாத்துட்டு மதினி இப்படியே பிரிண்ட் போட்ருங்கன்னு தான் சொன்னாங்க.

மண்டப வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டுனப்ப தான் விஷயமே தெரிஞ்சுது. அப்பத்தா அண்ணாந்து பாத்துட்டு "இது யாரு வீட்டு புள்ள?"ன்னு கேக்குது. மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, தாடையில இருந்த மச்சத்த காணோம். ஆல்பம் அதுக்கும் மேல, இடுப்ப உள்ள தள்ளுறேன்னு இழுத்ததுல பக்கத்துல நின்ன பர்மா தேக்குத் தூணும் சேந்து வளைஞ்சு போச்சு, கல்லுல இருக்க கோடெல்லாம் அல அலயா ஓடுது. பதிமூணு வயசு புள்ளைக்கு இடுப்பு எதுக்குய்யா சிறுசாக்கணும்?

போய் கேட்டா "எல்லாருக்கும் இப்படித்தாங்க பண்ணுவோம், கஸ்டமர் கேக்கறது தானே"ங்கறாரு. நாங்க எப்ப கேட்டோம்? 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020ல பேர மாத்திக்கிச்சு. கருப்பா இருக்கறவங்கள சோகமா, வேல கல்யாணம் அமையாதவங்களா காட்டக்கூடாதுன்னு விளம்பரத் தர கவுன்சில் 2014லயே விதி போட்டாச்சு. இவரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரல போல.

எனக்கு இதுல கோவம் எங்கன்னா, டிவி விளம்பரத்துல வர்றது வேற எவளோ ஒருத்தி, பாத்து ஏங்குனாலும் அவ வேற நாம வேறன்னு விட்றலாம். இன்ஸ்டா பத்தி கூட, தன் உடம்ப நெனச்சு சங்கடப்படுற நேரத்துல அது இன்னும் மோசமாக்குதுன்னு டீன் ஏஜ் பொண்ணுங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தி சொன்னதா அத நடத்துற ஃபேஸ்புக் கம்பெனியோட சொந்த ஆய்வே 2021ல வெளிய வந்துச்சு, அதுலயும் பெரும்பாலும் அடுத்தவங்க படம் தான். இங்க காசு குடுத்து வாங்குன ஆல்பத்துல அவ மூஞ்சியவே திருத்தி அவ கையிலயே குடுக்குறோம், தப்பா எழுதுன நோட்டு கணக்கா. ஸ்டேட்டஸ்ல போட்டதும் கூடப் படிக்கிற புள்ளைங்க எந்த ஃபில்டர்னு கேட்டுச்சாம். அதுலேருந்து செல்ஃபின்னா தாடைய கையால மறைக்கிறா, மெடிக்கல்ல வெள்ளையாக்குற கிரீம் ஏதோ இருக்காமே அத்தைன்னு எங்கிட்ட வந்து நிக்கிறா. அந்த மாதிரி கிரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கும், டாக்டர் சொல்லாம தடவுனா தோலு மெலிஞ்சு போயிரும்னு சொல்லி நிப்பாட்டி வச்சிருக்கேன்.

சண்ட போட்டதுல ஆல்பத்த மட்டும் திரும்ப அடிச்சு குடுத்தாங்க, எக்ஸ்ட்ரா காசு வாங்கல, அத சொல்லணும். அவளே ஒரு பரு மட்டும் எடுக்கச் சொன்னா, அத எடுத்தாச்சு, அது ஒரு வாரத்துல தானா போறது தானே.

எடுக்கறதுக்கு அஞ்சுக்கு அஞ்சு, எடிட்டிங்குக்கு ஒன்னு. அட்வான்ஸ் குடுக்கும்போதே நெறம், உடம்பு, மச்சம் எதுலயும் கை வைக்கக்கூடாதுன்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க, ஒரிஜினல் படத்த பென்டிரைவ்ல கேளுங்க. ஃப்ளெக்ஸுக்கு போற ஃபைல தனியா பாத்து ஓகே சொல்லுங்க, அத அடிக்கறவரு வேற ஆளு, அவரு பங்குக்கு இன்னொரு கோட்டிங் வெள்ள அடிச்சு விட்ருவாரு.