வெளிர்நிறக் கார்ப்பெட்டுக்கு எந்த மேட்? 7டி, டிபிஇ, நூடுல்: ஓர் அலசல்

சொகுசுக் காரில் முதலில் தேய்கிற இடம் டிரைவரின் வலது குதிகால் ஊன்றும் இடம்தான். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. பீஜ், ஐவரி நிற உட்புறம் என்றால் ஒரே ஐப்பசி மழையில் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். மேட் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எதைப் போடுவது என்பதில்தான் ஏமாறுகிறார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை ஏறினால் முதலில் எடுத்து விரிப்பது 7டி மேட். ஷோரூமில் கேட்டால் கம்பெனி மேட். ஆன்லைனில் தேடினால் டிபிஇ பிளாஸ்டிக் தட்டு. பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி ரகக் கார்களுக்கு இவற்றில் எது ஒத்துவரும் என்று பார்ப்போம்.

முதலில் இந்த ‘டி’ கணக்கு. 3டி, 5டி, 7டி என்று ஏறிக்கொண்டே போகும் இந்த எண்ணுக்குப் பின்னால் எந்தத் தர நிர்ணயமும் கிடையாது. பெரும்பாலும் மேலே பிவிசி லெதரெட் எனும் செயற்கைத் தோல், நடுவில் ஃபோம், அடியில் எக்ஸ்பிஇ எனும் பிளாஸ்டிக் ஃபோம் அட்டை, மொத்தத்தையும் பிடித்துவைக்க டைமண்ட் தையல். பார்வைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. சீட்டின் நிறத்துக்கே பொருத்தம் கிடைக்கும், ஓரம் மேலேறி நிற்கும், மிதித்தால் மெத்தென்று இருக்கும்.

சிக்கல் அந்தத் தையலில் இருக்கிறது. ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழி. எக்ஸ்பிஇ தண்ணீரை உறிஞ்சாது என்று கடையில் சொல்வது உண்மைதான். ஆனால் லெதரெட்டுக்கும் அதற்கும் இடையில் இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். ஈரச் செருப்போடு நாலு நாள் ஏறி இறங்கினால் போதும், ஏசி போட்டதும் பூஞ்சை வாடை வரும். வாங்கும் முன் சாம்பிள் துண்டின் தையல் மேல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, அடிப்பக்கம் காய்ந்த பருத்தித் துணியை அழுத்திப் பாருங்கள். துணி நனைந்தால் அந்த செட் வேண்டாம். சோதிக்கவே விடமாட்டேன் என்கிற கடையும் வேண்டாம்.

இன்னொன்று, 7டி-யின் பின்வரிசைத் துண்டு முன் சீட்டுக்கு அடியில் வரை நீளும். பின்னால் உட்காருபவரின் காலுக்குக் காற்று தரும் ஏசி வென்ட் பல கார்களில் அங்கேதான் திறக்கிறது. அதை மூடிவிட்டால் காரணமே புரியாமல் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியிருக்கும். பவர் சீட்டை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் மேட் ஓரம் சிக்கினால் மோட்டார் திணறும் சத்தம் கேட்கும். ஓரத்தை அங்கேயே வெட்டச் சொல்லலாம், ஆனால் வெட்டிய இடத்தில் ஃபோம் திறந்து நிற்கும், தண்ணீருக்கு இன்னொரு வாசல்.

தரை முழுவதையும் ஒட்டி மூடும் ‘ஃப்ளோர் லேமினேஷன்’ வேலையை இந்த வகைக் கார்களில் தொடவே வேண்டாம். அதற்கு சீட்டைக் கழற்ற வேண்டும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக், சீட்பெல்ட் வயர்களின் மஞ்சள் கனெக்டர்கள் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு இக்னிஷன் போட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டும். அதைவிட மோசம், கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாது. அங்கே ஓடுகிற வயரிங்கும் சில மாடல்களில் இருக்கிற மின்னணுப் பெட்டிகளும் ஊறிக் கெடும்வரை தெரியாது.

அடுத்து அளவு. இதில்தான் விஷயம் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள். ‘பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் மேட்’ என்று கேட்டு வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. இங்கே விற்ற 3 சீரீஸ் கிரான் லிமோசினின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2,961 மி.மீ. அதே ஷோரூமில் நின்ற இன்னொரு 3 சீரீஸான எம்340ஐ-யின் வீல்பேஸ் 2,851 மி.மீ. அந்த 110 மி.மீ. பின்வரிசைக் கால்வைக்கும் இடத்துக்குத்தான் போகிறது. பென்ஸ் இ-கிளாஸிலும் இதே கதை. 2017 முதல் இங்கே விற்ற தலைமுறையின் வீல்பேஸ் 3,079 மி.மீ., ஐரோப்பாவின் சாதாரண இ-கிளாஸுக்கு 2,939. அங்கிருந்து வரவழைத்த செட் முன்னால் கச்சிதமாக உட்கார்ந்து, பின்னால் நாலு விரல்கடை வெறும் கார்ப்பெட்டைக் காட்டி நிற்கும். அமெரிக்க செட் என்றால் முன்னாலேயே உதவாது. இடப்பக்க ஸ்டியரிங்குக்கு வார்த்தது, பெடல் வெட்டும் கால்தாங்கியும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

ஆகவே கடையில் சொல்ல வேண்டியது மாடல் பெயர் மட்டுமல்ல, சேஸிஸ் நம்பர். பிஎம்டபிள்யூவில் அதன் கடைசி 7 எழுத்துகளை வைத்தே பார்ட்ஸ் கவுன்டரில் சரியான மேட்டை எடுத்துவிடுவார்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பெரும்பாலும் தனித்தனி பார்ட் நம்பர், தனித்தனி விலை. ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு ‘பரவாயில்லையே’ என்று கிளம்பிவிடாதீர்கள்.

மேட்டைப் பிடித்துவைக்கும் கொக்கியும் காருக்குக் கார் மாறும். பென்ஸில் பெரும்பாலும் அழுத்தினால் ‘டிக்’ என்று பூட்டும் பட்டன், ஆடியில் வட்டக் கிளிப், பல பிஎம்டபிள்யூக்களில் வெல்க்ரோ வட்டு. எந்த மேட்டாக இருந்தாலும் டிரைவர் பக்கம் இந்த ஒரிஜினல் கொக்கியில் மாட்ட வேண்டும். ‘அடியில் கிரிப் இருக்கு சார், நகராது’ என்பது பதில் ஆகாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே டொயோட்டாவின் சொகுசுக் காரான ஒரு லெக்சஸ் இஎஸ் 350 கட்டுக்கடங்காமல் ஓடி மோதியதில் 4 பேர் இறந்தார்கள். உள்ளே கிடந்தது ஆர்எக்ஸ் 400எச் எஸ்யூவிக்கான ரப்பர் மேட், கொக்கியிலும் மாட்டப்படவில்லை. ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே மேட் பிரச்சினைக்காக டொயோட்டா அங்கே சுமார் 38 லட்சம் கார்களை ரீகால் செய்தது. மேட் மோசமானதல்ல, வேறு காருடையது.

எனவே மேட் போட்டதும், எஞ்சினை அணைத்து வைத்து, இந்தச் சோதனை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து விடுங்கள், பெடல் தடையின்றித் திரும்ப வேண்டும். மேட்டைக் கையால் முன்னோக்கித் தள்ளிவிட்டு மறுபடி மிதியுங்கள். பிரேக்குக்கும் அப்படியே. பிஎம்டபிள்யூ போலத் தரையில் கீல் வைத்த ஆக்சிலரேட்டர் உள்ள கார்களில் மேட்டின் விளிம்பு பெடலின் அடிப்பாகத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். கனத்த 7டி அங்கே மோதி நின்றால், பெடல் கடைசிவரை இறங்காது, முழுக்க மிதித்ததும் கியர் தானாகக் குறையும் கிக்டவுனும் விழாது. ஓவர்டேக் செய்யும்போது வண்டி இழுக்கவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. பழைய மேட்டின் மேல் புதிய மேட்டைப் போடுவது எந்தக் காரிலும் கூடாது.

டிபிஇ என்பது ரப்பர்போல் வளையும் பிளாஸ்டிக். தட்டுபோல ஒரே வார்ப்பில் வரும், தையல் இல்லை. ஓரம் ஓர் அங்குலம் உயர்ந்தாலே மழைக்குப் போதும். அதற்குமேல் உயர்த்திக் காட்டுவது விளம்பரத்துக்கு, கதவுப்பக்கம் அது ஏறி இறங்கும் காலைத்தான் தடுக்கும். கழற்றி உதறி, ஹோஸில் கழுவி, துடைத்தால் கால்மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிடலாம். குறை என்றால் தோற்றம்தான். பீஜ் உட்புறத்தில் கறுப்புத் தட்டு உறுத்தும், 7டி-யின் பகட்டு வராது.

டிபிஇ என்று சொல்லி பிவிசி விற்பதும் நடக்கிறது. மூக்குதான் கருவி. மேட்டை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு நாள் வெயிலில் வைத்துத் திறந்து முகருங்கள். மட்டமான பிவிசி என்றால் நெடி முகத்தில் அடிக்கும். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் வெயிலில் ஆவியாகி, வின்ட்ஷீல்டின் உட்புறம் எண்ணெய்ப் படலமாகப் படியும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறித் தெரியும். கறுப்பு ரப்பர் மேட்டில் வேறு ஆபத்து. ரப்பரில் சேர்க்கும் பாதுகாப்பு ரசாயனம் வெளிர்நிறக் கார்ப்பெட்டில் இறங்கிப் பழுப்புக் கறை போடும், எந்த ஷாம்பூவிலும் சுலபத்தில் போகாது.

சுருள் சுருளான பிளாஸ்டிக் இழைகளால் ஆன நூடுல் மேட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணலையும் தூசியையும் கண்ணில் படாமல் விழுங்கும், விலை குறைவு. மழையில் தண்ணீரையும் அப்படியே விழுங்கி வைத்துக்கொள்ளும். வறண்ட ஊருக்குச் சரி, கடலோரத்துக்கு வேண்டாம்.

வெளிர்நிற உட்புறமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்த இடத்தில் எங்கள் தேர்வு: முன்வரிசைக்கு, முடிந்தால் நாலு இடத்துக்கும், கார் கம்பெனியின் மேட் அல்லது வலப்பக்க ஸ்டியரிங்குக்கு அளவெடுத்து வார்த்த டிபிஇ தட்டு. காரோடு வந்த நைலான் கார்ப்பெட் மேட்டைச் சுருட்டாமல் தட்டையாக எடுத்து வையுங்கள், தை பிறந்ததும் போடலாம், விற்கும்போது புதிதாகவும் இருக்கும். டிரைவர் வைத்து ஓட்டி, பின்னால் மட்டுமே உட்காருபவர் என்றால் பின்வரிசைக்கு மட்டும் 7டி போட்டுக்கொள்ளலாம். அங்கே பெடல் இல்லை, வென்ட் மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேட்டைத் தூக்கி, அடியிலுள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தட்டு காய்ந்திருந்தும் அடியில் ஈரம் இருந்தால் குற்றவாளி மேட் அல்ல. சன்ரூஃப் வடிகால் அடைத்திருக்கலாம், ஏசி தண்ணீர்க்குழாய் அடைத்திருக்கலாம். வாட்டர்வாஷில் பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கோன் பாலிஷை மேட்டில் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரச் செருப்பு அதில் வழுக்கி பிரேக்கிலிருந்து நழுவும்.