ரிபேட் யார் கையில் சேர வேண்டும்? தொழிற்சாலை வீடுகளும் மின் நிறுவனங்களின் பணமும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாதி வீடு போவது சாதாரணக் காட்சி. முன்னால் ஒரு சிறு வண்டி எச்சரிக்கை விளக்கோடு போகும். பின்னால் டிரக் இழுத்துவருவது ஒரு வீட்டின் ஒரு பக்கம். திறந்து கிடக்கும் பக்கம் முழுக்க பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கும், அது காற்றில் படபடக்கும். மறுபாதி அடுத்த டிரக்கில் வரும். இரண்டையும் மனையில் சேர்த்துப் பூட்டினால் மூன்று படுக்கையறை கொண்ட வீடு தயார். அங்கே இதை 'மேனுஃபேக்சர்டு ஹோம்' என்பார்கள், பழைய பழக்கத்தில் 'மொபைல் ஹோம்' என்பவர்களும் உண்டு. நாம் தொழிற்சாலை வீடு என்றே வைத்துக்கொள்வோம். சுமார் 2 கோடி அமெரிக்கர்கள் இவற்றில் வாழ்கிறார்கள். பலர் வருமானம் குறைந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், ஊருக்கு வெளியே மனை கிடைத்தவர்கள்.

மின்சாரச் செலவு குறையும்படி இந்த வீடுகளைக் கட்ட வைக்க, அங்குள்ள மின் நிறுவனங்கள் பல காலமாக 'ரிபேட்' என்ற பெயரில் ஊக்கப் பணம் கொடுத்து வருகின்றன. அந்தப் பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறார்கள். வாங்குபவருக்கு, விற்பவருக்கு, கட்டும் ஆலைக்கு என்று மூன்றும் நடந்திருக்கிறது. பணமே வேண்டாம், சட்டம் போதும் என்ற கட்சியும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆலைக்குக் கொடுப்பதுதான் நல்லது. வாங்குபவருக்குக் கொடுப்பது கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் பலன் குறைவு.

முதலில் ஒரு சட்டச் சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். மனையிலேயே கட்டும் வீட்டுக்கு மாநிலமோ நகரமோ கட்டட விதி போடலாம். தொழிற்சாலை வீட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1974-ல் வந்த மத்தியச் சட்டம் இவற்றை வீட்டுவசதித் துறையின் கீழ் கொண்டுபோனது. அதன் தரவிதி 1976 ஜூன் 15-ல் அமலுக்கு வந்தது. மாநிலங்கள் இதற்கு மேல் தங்கள் சொந்த விதியைத் திணிக்க முடியாது. நாட்டை மூன்று வெப்ப மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு குறைந்தபட்ச வெப்பக்காப்பு வைத்தார்கள். அந்தப் பகுதி பெரிதாகத் திருத்தப்பட்டது 1994-ல்.

இந்தப் பூட்டு மிக வலித்தது அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்கு: வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ, மேற்கு மொன்டானா. அங்கே நீர்மின்சாரம் மலிவு, அதனால் குளிர்காலத்தில் மின்சாரத்திலேயே வீட்டைச் சூடாக்கும் பழக்கம் ஊறிவிட்டது. தேவை ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டு அணுமின் நிலையங்களில் இறங்கினார்கள். அந்தத் திட்டம் கவிழ்ந்து, 1983-ல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர முடியாமல் போனது. புது நிலையம் கட்டுவதைவிட ஒரு யூனிட்டை மிச்சப்படுத்துவது மலிவு என்ற பாடம் அந்தப் பகுதிக்கு மறக்கவே இல்லை. மனையில் கட்டும் வீடுகளுக்கு விதிகளை இறுக்கினார்கள். தொழிற்சாலை வீட்டிடம் விதி செல்லாது. மிச்சத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அப்படி வாங்கியதுதான் 1992 முதல் 1995 வரை நடந்த திட்டம். அங்கே நீர்மின்சாரத்தை விற்கும் மத்திய அரசு அமைப்பான பான்வில் மின் நிர்வாகமும் அந்தப் பகுதியின் மின் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தின. ஏற்பாடு எளிது. மின்சூடு பொருத்திய வீடு எதைக் கட்டினாலும் உயர்ந்த தரத்தில் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் வீட்டுக்கு 2,500 டாலர் நேராக ஆலைக்கு வரும். பின்னால் அந்தத் தொகையை 1,500 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பகுதியில் இருந்த 18 ஆலை நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டன. சுமார் 50,000 வீடுகள் இப்படி வெளிவந்தன. தளத்தில் ஆர்-33, சுவரில் ஆர்-21 என்ற அளவுக்கு வெப்பக்காப்பு. இந்த எண் கூடக் கூட வெப்பம் வெளியேறுவது குறையும். அன்றைய குறைந்தபட்ச வீட்டோடு ஒப்பிட்டால் இது வேறு ஜாதி வீடு.

ஏன் ஆலை? ஆலைக்குள் நுழைந்து பார்த்தால் விளங்கும். வீட்டின் தளம்தான் முதலில் உருவாகிறது. மரச்சட்டங்களுக்கு நடுவே சூடான காற்று போகும் டக்டை ஓட்டுகிறார்கள். கம்பளி மாதிரி வெப்பக்காப்பை விரிக்கிறார்கள். அடியில் கருப்புத் தாளை இழுத்து ஒட்டி மூடுகிறார்கள். அப்புறம் அது இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி, அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். சுவர்கள் நிற்கும், கூரை கிரேனில் வந்து உட்காரும். தளம் மூடிய பிறகு அதற்குள் இன்னும் இரண்டு அங்குலப் பஞ்சு வைக்க யாராலும் முடியாது. வாங்குபவர் வீட்டைக் கண்ணால் பார்க்கும் நாளில் அந்த முடிவு எப்போதோ எடுத்து முடிந்த கதை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பேச்சுக்கு, கூடுதல் வெப்பக்காப்புக்கு ஆலைக்கு 1,500 டாலர் செலவு என்று வையுங்கள். ஆலை அதைத் தன் விலையில் சேர்க்கும். டீலர் அதன் மேல் தன் லாப விகிதத்தைப் போடுவார். வாங்குபவரிடம் வரும்போது அது 2,000-ஐத் தாண்டியிருக்கும். அதையும் கடனில் சேர்த்து வட்டி கட்ட வேண்டும். செலவு பிறக்கும் இடத்திலேயே 1,500-ஐ ஈடுகட்டினால் மேலே ஏறும் இந்தப் படிகள் எதுவும் இல்லை. மின் நிறுவனம் கொடுக்கும் ஒரே டாலர் ஆலையில் அதிகம் வாங்குகிறது, கடையில் குறைவாக வாங்குகிறது. எல்லா வீடும் ஒரே தரம் என்றால் ஆலையும் இரண்டு வகை ஜன்னல், இரண்டு வகைச் சட்டம் என்று ஸ்டாக் வைக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. எப்படியும் நல்ல வீடு வாங்கியிருக்கக்கூடியவருடைய வீட்டுக்கும் சேர்த்தே பணம் போகிறது. 1995-ல் பணம் நின்றதும் உயர்தர வீடுகளின் பங்கு சரிந்தது. ஆனால் பழைய நிலைக்கே திரும்பவில்லை. ஆலையின் உற்பத்தி வரிசை மாறிவிட்டது, தொழிலாளர்களின் கை பழகிவிட்டது. ஆலைகளே வீட்டுக்கு ஒரு சிறு கட்டணம் செலுத்தி, மாநில எரிசக்தி அலுவலகங்கள் வந்து சோதிக்கும் ஒரு தன்னார்வச் சான்றிதழ் முறை தொடர்ந்தது. நாலு வருஷப் பணத்துக்கு இது பெரிய பலன் என்பேன்.

சரி, அடுத்த வழிக்கு வருவோம். இதே வடமேற்கில் ஐடஹோ பவர் என்ற மின் நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. எனர்ஜி ஸ்டார் என்ற அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கன முத்திரைக்குத் தகுதி பெற்ற, முழுக்க மின்சாரத்தில் இயங்கும் புதுத் தொழிற்சாலை வீட்டை வாங்கினால் வாடிக்கையாளருக்கு 1,000 டாலர். டீலரிடம் வேலை பார்த்து அதை விற்றுக்கொடுத்த விற்பனையாளருக்கு 200 டாலர். இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. எல்லோரும் 1,000-ஐப் பார்க்கிறார்கள். வேலை செய்வது 200.

வாங்க வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை, டீலரின் திடல். நாலைந்து மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும். அந்த அம்மா சமையலறை மேடையைத் தடவிப் பார்ப்பார், பிள்ளைகள் அறை அறையாக ஓடுவார்கள், அப்பா மாதத் தவணை எவ்வளவு என்று கேட்பார். பஞ்சு எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் காட்ட முடியாது. 1,000 டாலர் ரிபேட் விண்ணப்பம் போட்ட பிறகு செக்காக வரும். முன்பணம் கட்டும் நாளில் அது கையில் இருக்காது. கடன் வாங்கும் குடும்பத்துக்கு உயிர் போகும் நாள் முன்பணம் கட்டும் நாள்தான்.

விற்பனையாளர் கதை வேறு. திடலில் நிறுத்த எந்த வீட்டை வரவழைப்பது என்று டீலர் முடிவு செய்யும்போது அவர் வாய்ச்சொல் அங்கே செல்லும். தனி ஆர்டர் என்றால் ஆர்டர் தாளில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச்சொல்பவரும் அவர்தான். ஒவ்வொரு விற்பனையிலும் 200 டாலர் தன் பையில் விழும் என்று தெரிந்தால், எனர்ஜி ஸ்டார் தாளை அவர் மேசையின் அடியில் போட்டுவைக்க மாட்டார். ஆலைக்குப் போகும் ஆர்டரைத் தொடுகிற கை அது. இதனாலேயே இந்தத் திட்டத்தை வெறும் வாடிக்கையாளர் ரிபேட் என்று நான் எண்ணுவதில்லை. பாதி அளவுக்கு அது ஆலைப் பக்கம் நகர்ந்துவிட்ட திட்டம். வாடிக்கையாளர் பங்கைக் கொஞ்சம் குறைத்து, விற்பனையாளர், டீலர் பங்கைக் கூட்டியிருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது என் கணிப்பு. வாடிக்கையாளருக்குக் கிடைப்பதை வீடு வாங்கும் பில்லிலேயே கழித்துவிட வேண்டும், பிறகு வரும் செக்காக இருக்கக் கூடாது.

தெற்கே மத்திய அரசின் மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் ஆலை வழியாகவே பணம் கொடுத்துப் பார்த்தது. அங்கே பிரச்சினை பஞ்சைவிடச் சூடாக்கும் கருவிதான். தொழிற்சாலை வீட்டில் வழக்கமாக வருவது மின் ஃபர்னஸ், அதாவது பெரிய ஹீட்டர் கம்பிச் சுருள். அதற்குப் பதில், வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வைத்தால் அதே சூட்டுக்கு மின்சாரம் பாதி அளவில் முடிந்துவிடும். இதுவும் ஆலையில் ஆர்டர் போடும்போதே தீர்மானமாகிற விஷயம்.

மூன்றாவது வழி மின் நிறுவனத்துடையது இல்லை, வருமான வரித் துறையுடையது. ஆனால் ஒப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் இதுவும் கட்டுபவர் கைக்கே போகிறது. 2005-ல் இயற்றிய சட்டப்படி, தகுதியான தொழிற்சாலை வீட்டுக்கு 1,000 டாலர் வரிச்சலுகை. 2022 சட்டம் அதை எனர்ஜி ஸ்டார் வீட்டுக்கு 2,500 டாலராகவும், ஜீரோ எனர்ஜி ரெடி என்ற மேல்தரத்துக்கு 5,000 டாலராகவும் உயர்த்தியது. தொகையைப் பார்த்தால் மின் நிறுவனத் திட்டங்கள் பலவற்றை இது விழுங்கிவிடும். குறை எங்கே என்றால், வரிச்சலுகை ஆலையின் கணக்காளருக்குத் தெரியும், டீலருக்கும் வாங்குபவருக்கும் தெரியாது. விலையில் எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. வரி கட்ட லாபம் இருக்கும் நிறுவனத்துக்கே உதவும். இன்னொன்று, இது அரசியல் காற்றில் ஆடுகிறது. 2025-ல் வந்த வரிச் சட்டப்படி 2026 ஜூன் 30-க்குப் பிறகு கைமாறும் வீடுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரு ஆலை தன் வரிசையை மாற்றிப் புது ஜன்னல் ஒப்பந்தம் போட நாலைந்து வருஷ உறுதி கேட்கும். அந்த உறுதியை உள்ளூர் மின் நிறுவனத்தால் தர முடியும், வாஷிங்டன் தலைநகரால் தர முடியவில்லை.

நாலாவது சட்டம். எரிசக்தித் துறை தொழிற்சாலை வீடுகளுக்குப் புதுத் தரம் வைக்க வேண்டும் என்று 2007-லேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சொல்லிவிட்டது. விதி வெளியானது 2022 மே மாதத்தில். ஒற்றைப் பகுதி வீடுகளுக்கு விலை 750 டாலருக்கு மேல் ஏறாதபடி ஒரு இலகுவான படி. இரண்டு, மூன்று பகுதி சேர்ந்த பெரிய வீடுகளுக்கு உயர்ந்த படி. அமலாகும் நாளை அப்புறம் தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். சட்டம் வந்தால் அதுவே எல்லாவற்றிலும் உறுதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லா ஆலைக்கும் ஒரே தரம், யாரும் மலிவு வீட்டைக் காட்டிப் போட்டியில் முந்த முடியாது. ஆனால் 2007-ல் பிறந்த குழந்தை இன்று வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் அதற்கான பில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. சட்டத்தை நம்பி ரிபேட்டை நிறுத்துவது தவறு.

வெர்மான்ட் மாநிலத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஐரீன் புயல் தொழிற்சாலை வீடுகள் கூட்டமாக நிற்கும் 'பூங்கா'க்களை அடித்துப்போன பிறகு, அங்கே வேறு வகை வீட்டையே உருவாக்கி அதற்கு மாநில எரிசக்தி அமைப்பு பெரிய ஊக்கத்தொகை கொடுத்தது. வீடு அருமை. சின்ன மாநிலத்துக்குச் சரி, எண்ணிக்கை வேண்டும் என்கிற இடத்துக்கு இது ஒத்துவராது.

ஆக, ஒரு மின் நிறுவனத்தின் பட்ஜெட் என் கையில் வந்தால் முக்கால் பங்கை ஆலைக்குக் கொடுப்பேன், விற்பனையாளருக்கு ஒரு பங்கு வைப்பேன். வாங்குபவருக்கு எதுவும் கொடுக்க மாட்டேன் என்று அர்த்தமில்லை. ஆலை வழியாக வந்த தொகை விலைச்சீட்டில் தனி வரியாக அவர் கண்ணில் பட வேண்டும் என்று நிபந்தனை போடுவேன்.

மிச்சமிருக்கும் சின்னப் பங்கு, இந்தத் திட்டங்களின் விளம்பரத்தில் பெயரே வராத ஒருவருக்கு: மனையில் இரண்டு பாதிகளையும் பொருத்துபவர். ஒரு பாதியின் டக்டிலிருந்து மறுபாதிக்குச் சூடான காற்று போக, வீட்டுக்கு அடியில் ஒரு தடித்த வளையும் குழாயைக் கட்டுவார்கள். ஆலையில் ஆர்-33 வைத்திருந்தாலும், அந்தக் குழாய் ஒரு முனையில் கழன்றிருந்தால் பாதி வீட்டின் சூடு மண்ணுக்குப் போகும். நனைந்த தரையில் கிடந்து நசுங்கியிருந்தாலும் அதே கதிதான். மேலே இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் பின்னறை குளிர்கிறது, பில் ஏறுகிறது என்பதுதான். வீட்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தகடு அடித்து மூடிய பிறகு யாரும் கீழே போய்ப் பார்ப்பதில்லை.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு காரியம் சொல்வேன். திடலில் மாதிரி வீட்டுக்குள் போனதும் சமையலறை அலமாரிக் கதவையோ துணி அலமாரியையோ திறந்து பாருங்கள். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நாட்டு வரைபடத்தில் இந்த வீடு எந்த வெப்ப மண்டலத்துக்குக் கட்டியது என்று அதில் இருக்கும், கூடவே கருவிகளின் விவரமும் உண்டு. எனர்ஜி ஸ்டார் என்று விற்பனையாளர் சொன்னால் அதற்கான லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், வீடு மனையில் இறங்கிய நாளில், தகடு அடிப்பதற்கு முன்னால், ஒரு டார்ச்சோடு கீழே குனிந்து அந்தக் குழாயின் இரண்டு முனைகளையும் பார்த்துவிடுங்கள்.