ஜிமேட் இலக்கண வகுப்புக்குப் பணம் கட்டப் போறீங்களா? 2,380 வெள்ளியை விட்டவள் சொல்கிறேன்

முந்தாநாள்தான் சிங்கப்பூரில் நான் சேர்ந்த துணைப்பாட நிலையத்தின் கடைசி பதில் வந்தது. பணம் திரும்பக் கிடையாதாம். 2,380 வெள்ளி! என் வருஷக் கடைசி போனஸில் பாதிக்கு மேல். வேலை செய்பவர்களுக்குத் தேர்வுப் பயிற்சி தரும் இடம், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் இருக்கிறது. பெயர் போடவில்லை. பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

பகுதிநேர எம்பிஏ படிக்க ஆசை. அதில் சேர எழுதும் தேர்வுதான் ஜிமேட். கணக்குப் பிரிவில் வேலை, அதனால் எண்களுக்குப் பயமில்லை. ஆங்கிலப் பகுதியான வெர்பல்தான் உதைக்கும். போன முதல் நாளே இருபது கேள்வி கொடுத்தார்கள். எல்லாம் சென்டன்ஸ் கரெக்‌ஷன், அதாவது வாக்கியத்தில் கோடிட்ட பகுதிக்கு ஐந்தில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது. எனக்கு ஏழுதான் சரி. கவுன்ட்டரில் இருந்த தமிழ்ப் பெண் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "பயப்படாதீங்கக்கா, நம்மாளுங்க எல்லாருக்கும் இங்கதான் அடிபடும். வெர்பல்ல மூணுல ஒரு பங்கு இதுதான். இதைப் பிடிச்சா போதும்" என்றாள். நம் மொழியில் ஒருத்தி பரிவாகப் பேசியதும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அங்கேயே நின்று கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் அனுப்பினேன்.

முதல் வகுப்பு நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்ட்டட்" என்று பலகையில் எழுதி, நடந்தது யார் என்று கேட்டார் ஆசிரியர். "ஸ்டேஷனுக்கு நடந்துபோகும்போது மழை பிடித்துக்கொண்டது" என்று தமிழில் சொன்னால் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் மழை நடந்துபோனதாக அர்த்தமாகிவிடும். இத்தனை வருஷம் மெயிலில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் விடைத்தாளில் "தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஹேவ்" சரி என்று இருந்தது. 'தி நம்பர்' என்றால் ஒருமை, 'ஹேஸ்' வர வேண்டும். 'எ நம்பர்' என்றால்தான் 'ஹேவ்'. கேட்டேன். "ரெண்டும் ஓகே" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அன்றே விழித்திருக்க வேண்டும்.

ஐந்து சனிக்கிழமை முடிந்ததும் தேர்வு நடத்துபவர்களே இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வை வீட்டில் எழுதினேன். வெர்பல் 23 கேள்வி. வாசித்துப் புரிந்துகொள்வதும் வாதத்தை அலசுவதும் மட்டும். ஒரு வாக்கியத் திருத்தம்கூட இல்லை. தப்பாக எதையோ திறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் அதிகாரபூர்வ பக்கத்தில் படித்தேன். 2023 நவம்பரில் புதிய ஜிமேட் வந்தது, அதில் சென்டன்ஸ் கரெக்‌ஷனையே எடுத்துவிட்டார்கள். பழைய தேர்வு 2024 ஜனவரியோடு முடிந்தது. தேர்வில் இல்லாத பகுதிக்கு 2,380 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள்!

போய்க் கேட்டால் அதே பெண், "கிராமர் எங்கேயும் வீணாகாதுக்கா" என்கிறாள். மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்றார்கள். இரண்டு வாரம் கூப்பிடவே இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். கடைசியில் பேசியவர், இன்னும் 600 வெள்ளி கட்டினால் ஜிஆர்இ என்ற வேறொரு மேல்படிப்பு நுழைவுத் தேர்வு வகுப்புக்கு மாற்றித் தருகிறேன், இதே திருத்தம் அதிலும் வரும் என்றார். வராது. அதில் இருப்பது கோடிட்ட இடத்தை நிரப்புவதும், ஒரே பொருள் தரும் இரண்டு சொல்லைத் தேர்ந்தெடுப்பதும். என் முகத்தைப் பார்த்தே இரண்டாவது பொய். புத்தகம் வாங்கிவிட்டதால் பணம் தர முடியாது என்று ரசீதுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை அப்போதுதான் காட்டினார்.

அறிவுரை எழுதுகிறேன் என்றேன், உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை. தேர்வில் என்ன வருகிறது என்று தேர்வு நடத்துபவர்கள் பக்கத்திலேயே முதலில் பாருங்கள். புத்தகம் எந்த வருஷத்துப் பதிப்பு என்று பாருங்கள், என்னுடையது 2019. முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் (கேஸ்) புகார் கொடுத்துவிட்டேன். அங்கே முடியாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு வழக்கு மன்றம்தான். 5,000 வெள்ளி வரை உள்ள வழக்குக்குத் தனியாளுக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். ரசீது, வாட்ஸ்அப் படங்கள், அந்த 2019 புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன். இதே இடத்தில் பணம் கட்டியவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.