ஒரு டிராக்கின் ஆட்டோமேஷனை இன்னொரு டிராக்குக்கு மாற்றுவது: ரீப்பரில் ஏழு வருட அனுபவம்

போன மாதம், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரு பக்திப் பாடலின் மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் சமன்செய்து சேர்க்கிற வேலை) முடியப்போகிற நேரம். பாடிய அம்மா போன் செய்து, "தம்பி, சரணத்தை இன்னொரு தடவை பாடித் தரட்டுமா, அன்றைக்குத் தொண்டை சரியில்லை" என்றார். பழைய டேக்குக்கு, அதாவது முதலில் பாடிய பதிவுக்கு, இரண்டு நாள் உட்கார்ந்து வால்யூம் என்வலப் (ஒலியளவு எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் கோடு) வரைந்து வைத்திருந்தேன். இருந்தாலும் வரச் சொன்னேன். புது டேக் அருமையாக வந்தது. அடுத்து, பழைய டிராக்கில் இருந்த ஆட்டோமேஷனை, அதாவது பாட்டு ஓடும்போது தானாக மாற்றங்களைச் செய்யும் இந்தக் கோடுகளை எல்லாம் புது டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரீப்பரின் 5-ஆம் பதிப்பில் தொடங்கி இப்போது 7 வரை, எல்லா மிக்ஸிலும் இந்த வேலை ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆட்டோமேஷனைக் காப்பி செய்வது சுலபம். அது போய்ச் சேரும் இடத்தில் அதே அர்த்தம் தருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

நேரடி வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டில் வேண்டிய பாயிண்டுகளை (புள்ளிகளை) தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-சி. போக வேண்டிய டிராக்கின் என்வலப்பை ஒரு முறை கிளிக் செய்து, கர்சரைச் சரியான இடத்தில் வைத்து கன்ட்ரோல்-வி. எந்த என்வலப் செலக்ட் ஆகியிருக்கிறதோ அதில்தான் ஒட்டும். ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் வால்யூம் கோட்டை பேன் என்வலப்பில் ஒட்டிவிட்டேன். பின்னணிக் குரல் ஒவ்வொரு வரியிலும் இடதும் வலதுமாக அலைந்தது. ஹெட்போனில் கேட்கிற வரை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒட்டியவுடன் அந்தப் பகுதியை ஹெட்போனில் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

இன்னொன்று, ஒட்டுவதற்கு முன்னால் அந்த டிராக்கின் ஆட்டோமேஷன் மோடைப் பாருங்கள். அது ரைட் (எழுதும்) மோடில் கிடந்தால், பிளே அழுத்தியதும் ஃபேடர் (ஒலியளவை மாற்றும் நகர்த்தி) இருக்கும் நிலை பதிவாகி, ஒட்டியதெல்லாம் அழிந்துபோகும். கோட்டைப் படிக்க மட்டும் செய்கிற டிரிம்/ரீட் அல்லது ரீட் மோடில் வைத்துக்கொண்டால் பயமில்லை.

சரி, சரணத்துக்கு வருகிறேன். கிளிக் டிராக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) ஒன்றுதான், வரிகளும் ஒன்றுதான். ஆனால் ஒட்டிக் கேட்டால் "அருள்வாயே" என்ற சொல்லில் "வா" திடீரென்று உள்ளே போய்விட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய டேக்கில் அந்த அம்மா "ரு"வை அழுத்திப் பாடியிருந்தார். அதனால் அங்கே 3 டெசிபெல் இறக்கியிருந்தேன். புது டேக்கில் அழுத்தம் "வா"வில் விழவில்லை, "ரு"விலும் விழவில்லை. மொத்தச் சொல்லும் மென்மையாக, கொஞ்சம் முன்னதாகவே தொடங்கியிருந்தது. பழைய டேக்கின் "ரு"வுக்காகப் போட்ட பள்ளம், புது டேக்கில் ஏற்ற வேண்டிய "வா"வின் மேல் விழுந்துவிட்டது. குரலுக்கு வரைகிற வால்யூம் கோடு அந்த மூச்சுக்கும் அந்த உச்சரிப்புக்கும் மட்டுமே அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்னொரு டேக்குக்கு அதைப் போட்டால் தோளில் பிடிக்கும்.

இதனால் இப்போது இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். இன்டர்லூட் (இடையிசை) முடிந்து குரல் வரும்போது ஒன்றரை டெசிபெல் ஏற்றம், கடைசிப் பல்லவிக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றம் என்று பாட்டின் அமைப்போடு போகிற பெரிய அசைவுகளைக் காப்பி செய்கிறேன். எழுத்துக்கு எழுத்து செய்த நுணுக்கங்களை விட்டுவிட்டு, புது டேக்கைக் கேட்டுக் கேட்டுப் புதிதாகவே வரைகிறேன். அந்தச் சரணத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பழையதை நகர்த்தித் திருத்திக்கொண்டிருந்தால் அதைவிட அதிக நேரம் போயிருக்கும், பாட்டும் இவ்வளவு உயிரோடு வந்திருக்காது.

ரீப்பரை விட்டு என்னைப் போகவிடாமல் வைத்திருப்பது ஆட்டோமேஷன் ஐட்டம். 2017-இல் 5.50 பதிப்பில் வந்தது. என்வலப்பின் ஒரு பகுதியைத் தனித் துண்டாக்கி, ஆடியோ கிளிப்பைப் போல நீட்டலாம், சுருக்கலாம், லூப் செய்யலாம், வேறு என்வலப்பில் கொண்டுபோய் ஒட்டலாம். பூல் செய்து, அதாவது பிரதிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒட்டினால் ஒன்றில் திருத்துவது எல்லாவற்றிலும் மாறும். பல்லவியின் கடைசிச் சொல்லை மட்டும் டிலே என்ற எதிரொலி எஃபெக்டுக்கு அனுப்புகிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த செண்ட் (எஃபெக்டுக்கு அனுப்பும் அளவு) ஏற்றத்தை ஒரு முறை வரைந்து, பூல் செய்த பிரதிகளாக நான்கு பல்லவிகளுக்கும் வைத்துவிடுவேன். எதிரொலி அதிகம் என்று இசையமைப்பாளர் சொன்னால் ஒரே இடத்தில் குறைத்தால் போதும்.

ஆட்டோமேஷன் ஐட்டத்தின் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கும் பேஸ்லைன் (கோட்டின் அடிமட்டம்), ஆம்ப்ளிட்யூட் (அசைவின் அளவு) இரண்டையும் பலர் தொடுவதே இல்லை. வீணை டிராக்கில் வரைந்த அலையைத் தம்புராவுக்குக் கொண்டுபோகும்போது வடிவம் அதேதான் வேண்டும், ஆனால் அசைவு பாதியாக இருக்க வேண்டும் என்றால், ஆம்ப்ளிட்யூடைக் குறைத்தால் வேலை முடிந்தது. ஒரு பாயிண்டையும் கையால் இழுக்க வேண்டாம். நல்ல வடிவங்களை ஃபைலாகச் சேமித்து அடுத்த பிராஜெக்டிலும் எடுத்துக்கொள்ளலாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம், ஒரு பிளக்-இன்னின் (மென்பொருளோடு சேர்க்கிற ஒலிக் கருவியின்) ஆட்டோமேஷனை வேறு பிளக்-இன்னுக்கு மாற்றுவது. விஎஸ்டி என்ற வகைப் பிளக்-இன்கள் தங்கள் அளவுகளை மென்பொருளுக்கு 0 முதல் 1 வரையான எண்ணாகத்தான் காட்டுகின்றன. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது அந்தந்த பிளக்-இன்னின் விருப்பம். உயர் ஒலிகளை வெட்டுகிற இரண்டு ஃபில்டர்களும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று லாகரிதம் அளவில் இருந்தால் கோட்டின் நட்டநடுவே 632 ஹெர்ட்ஸ். மற்றது நேர் அளவில் இருந்தால் அதே நடு 10,010 ஹெர்ட்ஸ். கண்ணுக்குக் கோடு ஒன்றுதான். காதுக்கு, முதலாவதில் போர்வைக்குள்ளிருந்து வரும் சத்தம், இரண்டாவதில் ஃபில்டர் இருப்பதே தெரியாது. அப்படி ஒரு தடவை மாற்றிவிட்டு, கேட்டது மாறியதைக்கூட உணராமல் இன்டர்லூட் முழுவதையும் வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது தொடக்கம், உச்சம், முடிவு மூன்றின் உண்மையான ஹெர்ட்ஸையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டுதான் பழைய பிளக்-இன்னை எடுக்கிறேன்.

டிராக்கையே டூப்ளிகேட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்வலப்புகளும் கூடவே வரும், மறைத்துவைத்தவையும் வரும். மறைந்திருந்தாலும் அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். டூப்ளிகேட் செய்ததும் எல்லா என்வலப்பையும் ஒரு முறை திறந்து பார்த்து, வேண்டாததை நீக்குங்கள்.

அப்புறம், காப்பியே தேவைப்படாத இடங்களும் நிறைய. கோரஸில் ஆறு குரல் இருந்து ஆறுக்கும் ஒரே ஏற்ற இறக்கம் வேண்டும் என்றால், அவற்றை ஒரு ஃபோல்டர் டிராக்குக்குள் போட்டு அதன் வால்யூமில் மட்டும் வரைகிறேன். ரிவெர்ப் செண்டும் சேர்ந்து குறைய வேண்டும் என்றால் விசிஏ குரூப் (ஒரு டிராக்கின் ஃபேடர் மற்ற டிராக்குகளின் ஒலியளவையும் கட்டுப்படுத்துகிற முறை). முதல் இரண்டு வருடம் இது தெரியாமல் ஆறு டிராக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு திருத்தம் வந்தால் ஆறு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது.

நண்பர் வீட்டில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளிலும் சில பாட்டுகள் செய்திருக்கிறேன். அங்கே ஆட்டோமேஷன் கிளிப் தனியாக நிற்கும், எந்தக் குமிழோடு இணைக்கிறோமோ அதை ஆட்டும். ஒரே கிளிப்பை வேறு குமிழுக்கு மாற்றுவது மட்டுமே வேலை என்றால் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குரலை வெட்டி நகர்த்தி, அதன் கோடுகளையும் கூடவே நகர்த்துகிற என் வேலைக்கு ரீப்பர்தான் கைக்கு அடங்குகிறது. 2021-இல் ரேசர் எடிட் (ஒரு பகுதியை அப்படியே வெட்டித் தேர்ந்தெடுக்கும் வசதி) வந்த பிறகு ஆல்ட்டைப் பிடித்து வலது பட்டனால் என்வலப் வரை இழுத்தால் போதும், ஆடியோ ஐட்டமும் அதன் கீழே இருக்கும் என்வலப் பகுதியும் ஒன்றாகத் தேர்வாகிவிடும்.

எனக்கு மிச்சம் இருக்கும் ஆசை ஒன்றுதான். ஒட்டும்போது கோட்டின் உயரத்தைப் பார்க்காமல், இந்த இடத்தில் 800 ஹெர்ட்ஸ் என்று படித்து, புது பிளக்-இன்னிலும் 800-இலேயே கொண்டுபோய் வைக்கிற ஒரு பேஸ்ட் வேண்டும். அது வருகிற வரை மேஜையில் அந்த நோட்டு இருக்கும்.