2.5 டன் ஹேண்ட் பேலட் டிரக்: வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

சரக்கு அடுக்கிய பேலட்டை (அடியில் திறப்புள்ள தட்டு) கையால் பம்ப் அடித்துத் தூக்கி இழுக்கும் இந்த வண்டிக்குக் குடோனுக்குக் குடோன் பெயர் மாறும். கொள்முதல் தாளில் ஹெச்.பி.டி., லோடுமேன் வாயில் ஹைட்ராலிக் டிராலி. சந்தையில் எந்த பிராண்டை எடுத்தாலும் விவரத்தாள் ஏறக்குறைய ஒன்றேதான்: 2,500 கிலோ தாங்கும், ஃபோர்க் (பேலட்டுக்குள் நுழையும் இரண்டு இரும்புக் கரங்கள்) நீளம் 1,150 மி.மீ., இறக்கிய நிலையில் உயரம் 85 மி.மீ., ஏற்றினால் 200 வரை, வண்டியின் சொந்த எடை 70 கிலோ சுமாருக்கு. அதனால் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ஆறே மாதத்தில் வண்டி குடோன் மூலையில் சாய்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

டன் கணக்கில் குழம்ப ஒன்றுமில்லை. 25 கிலோ பை 40 அடுக்கினால் ஒரு டன். 50 கிலோ சிமென்ட் மூட்டை 30 வைத்தால் ஒன்றரை டன். எண்ணெய் நிரம்பிய 200 லிட்டர் டிரம் நான்கு வைத்தாலும் ஒரு டன்னைத் தொடாது. ஆக 2.5 டன் தாராளம். 3 டன் மாடலுக்குக் கூடுதல் பணம் தருவது பெரும்பாலான குடோன்களில் வீண். ஆனால் அந்த 2.5 டன் என்பது சரக்கு இரண்டு ஃபோர்க்கிலும் சமமாகப் பரவி, எடையின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் நடுவில் விழும்போதுதான். ஒரு மெஷினை நுனியில் மட்டும் ஏற்றினால் அதைவிடக் குறைந்த பாரத்துக்கே ஃபோர்க் வளையலாம். வளைந்த ஃபோர்க்கை அடித்து நிமிர்த்தித் தருவதாகச் சொல்லும் பட்டறைக்காரரை நம்ப வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது சக்கரம். வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். முன்னால் ஒவ்வொரு ஃபோர்க்கின் அடியிலும் 80 மி.மீ. விட்டத்தில் சின்ன உருளைகள். பின்னால் கைப்பிடிக்குக் கீழே 180 அல்லது 200 மி.மீ. ஸ்டியரிங் சக்கரம் இரண்டு. ஃபோர்க்குக்கு ஒற்றை உருளை உள்ள மாடல் கொஞ்சம் மலிவு. டாக் லெவலர் (குடோன் தரையையும் லாரியையும் இணைக்கும் பாலத் தட்டு) உதட்டையும் லாரிப் படுகையின் இடுக்கையும் தாண்டும் வேலை இருந்தால் இரட்டை உருளையே வேண்டும். ஒன்று பள்ளத்தில் இறங்கும்போது மற்றது தாங்கும். ஒற்றை உருளை இடுக்கில் விழுந்து நின்றுவிடும், மேலே இருக்கும் பெட்டி முன்னால் சரியும்.

அடுத்து, சக்கரம் நைலானா, பாலியூரித்தேனா (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) என்ற கேள்வி. நைலான் கெட்டி. எடையில் நசுங்காது, அதனால் இழுக்க லேசாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் காதைப் பிளக்கும் சத்தம். எபாக்ஸி பூசிய தரையில் ஒரு மணல் துகள் அகப்பட்டாலும் கோடு கிழித்துவிடும். பாலியூரித்தேன் சத்தமில்லாமல் ஓடும், தரையைக் காக்கும், இழுக்கச் சற்றுக் கனம். அதன் எதிரி ஆணியும் இரும்புச் சீவலும்: வெட்டுப்பட்ட இடத்திலிருந்து துண்டு துண்டாகப் பெயரும். பாரத்தோடு இரவெல்லாம் ஒரே இடத்தில் நிறுத்தினால் அடிப்பக்கம் தட்டையாகி, மறுநாள் 'தட் தட்' என்று குதிக்கும். எபாக்ஸி தரையுள்ள மருந்து, உணவு குடோனுக்குப் பாலியூரித்தேன். பழைய சிமென்ட் தரையும் லாரிக்குள் போய்வரும் வேலையும் என்றால் நைலான். இரண்டும் கலந்த இடமென்றால் இரண்டு வகை வண்டியும் வாங்கி, கைப்பிடியில் வண்ண டேப் சுற்றி வைப்பது உத்தமம்.

அகலத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரண்டு ஃபோர்க்கும் சேர்ந்த வெளி அகலம் 520 முதல் 550 மி.மீ. வரை ஒரு வகை, 685 இன்னொரு வகை. 1,200க்கு 800 யூரோ பேலட்டின் 800 பக்கம் நுழைய 685 ஆகாது, குறுகியதே சரி. 1,200க்கு 1,000 பேலட்டில் 685 சரக்கை அகலமாகத் தாங்கும், ஆட்டம் குறையும். ஆர்டருக்கு முன் உங்கள் பேலட்டின் நடுக்கட்டையையும் இருபுறத் திறப்பையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு: 1,000 மி.மீ. ஆழப் பக்கத்தில் 1,150 ஃபோர்க்கைச் செலுத்தினால் நுனி 150 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் ஒட்டி நிற்கும் பேலட்டின் அட்டைப்பெட்டியைக் குத்தும், இல்லையேல் அதையும் சேர்த்துத் தூக்கும். அடிப்பலகை நான்கு பக்கமும் ஓடும் பேலட்டென்றால் உருளை பலகைக்கு மேலேயே நின்று, தூக்கும்போது பலகையைப் பிய்த்துவிடும். "பேலட் தரமில்லை" என்று சப்ளையரைத் திட்டும் இடங்களில் பாதிக்கு இதுதான் கதை.

பம்ப் சோதனை ஐந்து நிமிட வேலை. கைப்பிடி லீவருக்கு மூன்று நிலை: கீழே தள்ளினால் தூக்கும், நடுவில் ஓட்டம், மேலே பிடித்தால் இறங்கும். ஒரு டன் ஏற்றி, கைப்பிடியை 12 முதல் 15 தடவை அடித்தால் முழு உயரம் வர வேண்டும். லீவரை நடுவில் விட்டு, ஃபோர்க் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அரை மணி கழித்து மீண்டும் அளக்கவும். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். நடுநிலையில் அடிக்கும்போது ஃபோர்க் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏறினாலோ இறங்கினாலோ பம்ப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். லீவர் சங்கிலியின் முனையிலுள்ள திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புது வண்டி அடித்தும் ஏறவில்லையென்றால் அநேகமாகக் காற்று. படுக்கவைத்து லாரியில் வந்திருக்கும். லீவரை இறக்கும் நிலையில் பிடித்தபடி பத்துப் பதினைந்து தடவை முழுதாக அடித்தால் காற்று வெளியேறும். அப்படியும் உச்சிக்கு வரவில்லையென்றால் எண்ணெய் குறைவு. ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்ற வேண்டும். மொத்தக் கொள்ளளவே அரை லிட்டருக்குள். ஃபோர்க்கை முழுக்க இறக்கிவிட்டு ஊற்றவும். கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் (எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம்) ஊதிப்போகும், பிறகு பம்பையே பிரிக்க வேண்டியதுதான். குளிர்அறைக்கு இதைவிட இளக்கமான எண்ணெய் கேட்டு வாங்க வேண்டும். அதிகபாரத் தடுப்பு வால்வை யாரும் தொடக் கூடாது. "இன்னும் கொஞ்சம் தூக்கட்டும்" என்று முறுக்கினால் போவது ஃபோர்க்கும் சீலும்.

உதிரி பாகத்தை வண்டியோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள்: முன் உருளை ஒரு செட், பேரிங் (பெரும்பாலும் 6204), உருளை அச்சு, ரோல் பின், சீல் கிட். இவற்றுக்குத் தனி விலைப்பட்டியல் தர முடியாத வியாபாரியிடம் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

குறைகளும் உண்டு. பிரேக் கிடையாது. சரிவில் இது ஆபத்தான சாமான். தவிர்க்கவே முடியாத சின்னச் சரிவென்றால் ஆள் எப்போதும் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும், வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் கூடாது. ஒரு டன்னோடு நீண்ட தூரம், நாள் முழுக்க இழுக்க வைப்பது லோடுமேனின் இடுப்புக்குச் செய்யும் துரோகம். அங்கே லித்தியம் பேட்டரி வைத்த 1.5 டன் வண்டி வாங்குங்கள்.

பராமரிப்பில் எல்லோரும் மறப்பது ஸ்ட்ரெச் ஃபிலிம், அதாவது பேலட் சரக்கைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாள். தரையில் கிடக்கும் கிழிசல் உருளை அச்சில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். பேரிங் சூடேறி, உருளை சுழலாமல் தேயும், ஒரு பக்கம் சப்பையாகும். வாரம் ஒருமுறை வண்டியைச் சாய்த்து, கத்தியால் அறுத்தெடுத்து, அச்சுக்குக் கிரீஸ் வையுங்கள். கத்தியைப் பேரிங் சீல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.