தை மாத ஷோரூம்: உபசாரம் பிரமாதம், கொட்டேஷன் வில்லங்கம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் நேரத்தில் கார் ஷோரூம் போனால், டெஸ்ட் டிரைவ், டீ உபசாரத்துக்குக் குறைவில்லை. கூடவே 'ஆஃபர் இன்னியோட முடியுது சார்' என்பார்கள். நம்ப வேண்டாம்.

ஆன்ரோடு விலையை (வண்டி ரோட்டுக்கு வர ஆகும் முழுத் தொகை) மொத்தமாக வாங்காமல் எக்ஸ்-ஷோரூம் (வண்டியின் விலை மட்டும்), சாலை வரி, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எனப் பிரித்து எழுதி வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஷோரூம் தானாகச் சேர்த்த கட்டணம் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் வரும் 1% டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) மட்டும் நியாயமானது. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பெரிய லாபம் இன்சூரன்ஸில். அதே ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஆட்-ஆன்களுக்கு (கூடுதல் பாதுகாப்புகள்) ஷோரூமுக்கு வெளியிலும் விலை கேளுங்கள். 'வெளிய எடுத்தா கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) கிடையாது' என்பது சும்மா மிரட்டல். நீங்கள் எடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருந்தால் போதும்.

ஜனவரியில் போன வருஷ வண்டியைத் தள்ளிவிடுவது பழைய வித்தை. தயாரிப்பு மாதம் ஃபார்ம் 21-இல் (ஷோரூம் தரும் விற்பனைச் சான்று) இருக்கும். டயர் எப்போது தயாரானது என்று அதன் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கத்தில் பாருங்கள்: 3124 என்றால் 2024-இன் 31-வது வாரம். பெயிண்ட், ஓடோமீட்டர், சேசிஸ் எண் எல்லாவற்றையும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் விழுந்தபின் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள்.