டிராகன் விண்கலத்தின் தப்பிப்பு அமைப்பு: சோதனைகளை வைத்து ஒரு மதிப்பீடு

மேலேறும் ராக்கெட் வழியில் பழுதானால், வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தை ஓரிரு நொடிக்குள் அதிலிருந்து பிரித்து, எட்ட இழுத்துச் சென்று, பாராசூட் விரியப் போதிய உயரத்தில் விடுவதே தப்பிப்பு அமைப்பின் பணி. எல்லாம் சரியாக நடக்கும் ஒவ்வொரு பயணத்திலும் அது உறங்கியே இருப்பதால், அதன் தரத்தை அறிய வேண்டுமென்றால் சோதனைகளைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்துக்கு அப்படிப்பட்ட சோதனைகள் பல நடந்திருக்கின்றன. அவை எதை நிரூபித்தன, எதை நிரூபிக்காமல் விட்டன என்பதைக் கொண்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் அப்போலோவிலும் ரஷ்யாவின் சோயுஸிலும் கலத்தின் உச்சியில் திட எரிபொருள் மோட்டாருடன் ஒரு கோபுரம் நிற்கும். வளிமண்டலத்தின் அடர்ந்த பகுதியைக் கடந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். டிராகனில் கோபுரம் கிடையாது. கலத்தின் பக்கச் சுவரிலேயே எட்டு சூப்பர்டிராகோ இயந்திரங்கள் பதிந்திருக்கின்றன. அவை திரவ எரிபொருளில் இயங்குபவை, சுற்றுப்பாதையை அடையும்வரை கூடவே செல்பவை. பாதி வழியில் பாதுகாப்பைக் கழற்றி எறிய வேண்டியதில்லை என்பது இந்த வடிவமைப்பின் பெரிய பலம். தொட்டவுடன் தீப்பற்றும் நச்சு எரிபொருளும் அதற்குரிய குழாய்களும் வால்வுகளும் வீரர்களுக்கு அருகிலேயே எப்போதும் இருக்கின்றன என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

2015 மே 6 அன்று ஏவுதளத்திலிருந்து கலம் மட்டும் சீறி எழுந்து, கடலில் இறங்கிய முதல் சோதனை வெற்றிகரமாக முடிந்தது. ஆனால் அன்று பறந்தது ஒரு முன்மாதிரிக் கலம்தான்.

இந்த அமைப்பைப் பற்றி நமக்கு அதிகம் கற்றுத் தந்தது 2019 ஏப்ரல் 20 அன்று நடந்த தரைச் சோதனை. ஒரு மாதத்துக்கு முன்புதான் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஆளின்றிப் போய்த் திரும்பியிருந்த கலம், சூப்பர்டிராகோக்களை இயக்குவதற்கு ஏறத்தாழ நூறு மில்லிநொடி இருக்கும்போது வெடித்துச் சிதறியது. எரிபொருளை அழுத்தித் தள்ளும் ஹீலியம் செல்ல வேண்டிய குழாய்க்குள், எரிபொருளை எரியவைக்கும் திரவமான நைட்ரஜன் டெட்ராக்சைடு சிறிதளவு கசிந்து தேங்கியிருந்தது. அமைப்பு அழுத்தம் பெற்றபோது அந்தத் திரவம் பெரும் வேகத்தில் ஒரு வால்வின்மீது மோத, வால்வின் டைட்டானியம் தீப்பற்றிக்கொண்டது. அத்தகைய சூழலில் டைட்டானியம் இப்படிப் பற்றியெரியும் என்று அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. உயிரைக் காக்க வைத்த அமைப்பே உயிரைப் பறித்திருக்கக்கூடும் என்பது தரையிலேயே, கலத்தில் ஒருவரும் இல்லாத வேளையில், தெரியவந்தது. மீண்டும் மீண்டும் திறந்து மூடும் அந்த வால்வுகளை நீக்கிவிட்டு, குறித்த அழுத்தத்தில் மட்டுமே உடைந்து வழிவிடும் தகடுகளைப் பொருத்தினார்கள். என் பார்வையில், வெற்றியடைந்த எந்தச் சோதனையையும்விட மதிப்பு மிக்கது இந்தத் தோல்விதான்.

திருத்திய வடிவம் 2020 ஜனவரி 19 அன்று பறந்தது. ஏற்கெனவே மூன்று முறை பறந்திருந்த ஒரு ஃபால்கன் 9 ராக்கெட்டைப் பலிகொடுக்க முடிவுசெய்து, புறப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில், ஒலியைவிட வேகமாகச் செல்லும்போது கலத்தைப் பிரித்தார்கள். பின்னால் ராக்கெட் தீப்பிழம்பாகச் சிதற, இரண்டு பொம்மை வீரர்களைச் சுமந்த கலம் சுமார் 40 கிலோமீட்டர் உயரம் சென்று, புறப்பட்ட ஒன்பதாம் நிமிடத்தில் கடலில் இறங்கியது. பயணத்துக்கு உரிய ராக்கெட்டையே பயன்படுத்தியது பாராட்டத்தக்கது. நாசா இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. வீரர்களை ஏற்றிச் செல்ல உருவான போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் 2019 நவம்பரில் ஏவுதளச் சோதனையை மட்டும் நடத்திவிட்டு, பறக்கும் நிலைக்குக் கணக்கீடுகளை நம்பியது. மூன்று பாராசூட்டுகளில் ஒன்று விரியாமல் போனதும் அந்த ஏவுதளச் சோதனையில்தான் வெளிப்பட்டது. இத்தகைய குறையை எந்தக் கணக்கீடும் காட்டியிருக்காது என்பதால், பறந்து பார்ப்பதன் பக்கமே நான் நிற்கிறேன்.

இருந்தாலும், ஃபால்கனின் இயந்திரங்கள் அன்று நின்றது திட்டமிட்டபடிதான். திட்டமிடாத விபத்தில் தேறிய அமைப்புகளோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. 1965 மே 19 அன்று அப்போலோ கலத்தைச் சோதிக்கப் புறப்பட்ட லிட்டில் ஜோ 2 ராக்கெட், எவரும் எதிர்பாராமல் கட்டுப்பாடிழந்து சுழன்று உடைந்தது. கோபுரம் அதைத் தானாகவே உணர்ந்து இயங்கிக் கலத்தைக் காப்பாற்றியது. 1983 செப்டம்பரில் பைக்கனூரில் ஏவுதளம் தீப்பிடித்து எரிந்தபோது, சோவியத் வீரர்கள் தித்தோவும் ஸ்திரெக்கலோவும் அமர்ந்திருந்த சோயுஸ் கலத்தை, ராக்கெட் வெடிப்பதற்குச் சில நொடிகள் முன்னதாகக் கோபுரம் தூக்கிச் சென்றது. தீயில் கம்பிகள் கருகிவிட்டதால் தரையிலிருந்து வானொலிக் கட்டளை அனுப்பித்தான் அதை இயக்க முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எரியும் ஏவுதளம் எவ்வளவு கடுமையான தேர்வு என்பது புரியும்.

டிராகன் குறித்த என் ஒரே பெரிய மனக்குறையும் அங்கேதான் இருக்கிறது. தகடுகள் பொருத்திய பிறகு தரையில் இயந்திரங்களை இயக்கிப் பார்த்தார்கள், வானிலும் பிரித்துப் பார்த்தார்கள். ஏவுதளத்திலிருந்து எழும் சோதனையை மட்டும் இறுதி வடிவத்தைக் கொண்டு மறுபடி நடத்தவில்லை. உயரமும் வேகமும் இல்லாமல், சுழியத்திலிருந்து எழுந்து பாராசூட் விரிய இடம்தேட வேண்டிய அந்த நிலைக்கு 2015-இன் முன்மாதிரிதான் இன்றும் நேரடிச் சான்று. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்; அந்தச் சோதனையை மறுபடி நடத்தியிருந்தால் நான்கரை தந்திருப்பேன்.